துரைக்கு ஊட்டும் இடுக்கி

அக்டோபர் 9, திங்கள்

இன்று இவருடைய மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். பக்கவாதம் வந்து இன்றோடு ஐம்பத்திரண்டு நாள். குழாய் போன பிறகும் இடது கையால் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். வலது கை இன்னும் எழவில்லை. பேச்சும் வரவில்லை. "ஆங்" என்ற ஒரே சொல்தான். ஆமாம், இல்லை, கோபம், சிரிப்பு எல்லாவற்றுக்கும் அதுவே. முப்பத்தொரு வருஷம் என்னை ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாக முடிக்கவிடாமல் பேசிய மனிதர்.

விழுங்கும் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் இரண்டு நாள் வீட்டுக்கு வரப்போகிற பெண் யாரென்று பார்த்தால், ரெபேக்கா. எட்டாம் வகுப்பு பி பிரிவு. அரையாண்டுத் தேர்வில் என்னிடம் கணக்கில் முப்பத்தெட்டு வாங்கியவள். இப்போது வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு எனக்கு வகுப்பு எடுக்கிறாள்.

"டீச்சர், தண்ணி, காப்பி, ரசம் எதையும் அப்படியே கொடுக்கக் கூடாதுங்க. இந்தப் பவுடரைக் கலந்து தேன் பதத்துக்குக் கெட்டியாக்கித்தான் கொடுக்கணும். இருமல் வரலைன்னா சரியா இறங்குதுன்னு நெனச்சுக்காதீங்க. அங்கிளுக்குத் தொண்டையில உணர்ச்சி கம்மி. சத்தமே இல்லாம நுரையீரலுக்குப் போயிரும்."

இதை மூன்று முறை சொன்னாள். எனக்கு ஒரு முறை சொன்னால் போதும் என்றேன். என்ன சாப்பிட்டார் என்று தினமும் எழுதி வைக்கச் சொல்லி ஒரு தாள் கொடுத்திருக்கிறாள். அது ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது. இந்த நோட்டு எனக்கு.

அக்டோபர் 10, செவ்வாய்

கட்டிலை முன்னறைக்கு மாற்றியாயிற்று. அங்கிருந்து பார்த்தால் துரையின் கண்ணாடித் தொட்டி தெரியும். இவர் வேறு எதையும் பார்ப்பதில்லை.

துரை என்பது ஒரு சாலமாண்டர். ஆக்ஸலாட்டில் என்று சரியான பெயர் சொல்லிக் கோயம்புத்தூரிலிருந்து வாங்கிவந்தார், இரண்டு வருஷத்துக்கு முன்னால். பல்லிக்கும் மீனுக்கும் பிறந்தது மாதிரி ஒரு பிராணி. ஒரு சாண் நீளம், உடம்பெல்லாம் வெள்ளை, கழுத்தின் இரண்டு பக்கமும் ரோஸ் நிறத்தில் இறகு போலச் செவுள். குன்னூர்க் குளிருக்கு நன்றாக இருக்கும் என்றார். வெள்ளையாக இருப்பதால் துரை என்று பெயர். எனக்குப் பிடிக்கவில்லை. "டீச்சர், உன்னைவிடக் கம்மியாத்தான் கோபப்படுது" என்றார். இவர் என்னை எப்போதும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

நாங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் மகள் ஷர்மிளா சனி, ஞாயிறுகளில் கோவையிலிருந்து வந்து தீனி உருண்டைகளைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அது பாதி சாப்பிட்டது, மீதி அடியில் அழுகியது. தலை மட்டும் பெரிதாகவும் உடம்பு கயிறாகவும் தெரிகிறது. இவர் அதைப் பார்த்துக் கண்ணீர் விட்டார். சரி, இதையும் நான்தான் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 11, புதன்

பீன்ஸ் பாத்தியைக் கிளறி நாலு மண்புழு எடுத்தேன். முப்பத்திரண்டு வருஷம் சாக்பீஸ் பிடித்த கை. கழுவி, துண்டாக்கி (இதைப் பற்றி மேலே எழுத விரும்பவில்லை), எதில் பிடித்து ஊட்டுவது என்று தேடினேன். முன்னறை மூலையில் இவர் வேலை மேஜை கண்ணில் பட்டது. பல் செட் கட்டுகிறவரிடம் இடுக்கிக்கா பஞ்சம்? மெழுகுத் துண்டை எடுத்து வைக்கும் மெல்லிய எஃகு இடுக்கியை எடுத்துக்கொண்டேன்.

புழுவைப் பிடித்து மூக்குக்கு முன்னால் லேசாக ஆட்டினேன். சும்மா கிடந்தது ஒரே வெட்டில் தலையைத் திருப்பி, புழுவையும் இடுக்கி முனையையும் சேர்த்துக் கவ்விக்கொண்டது. நான் பயந்துபோய் வெடுக்கென்று இழுத்தேன்.

கட்டிலிலிருந்து இவர், "ஆங்! ஆங்!" என்று இரும்புக் கம்பியை இடது கையால் அடிக்க ஆரம்பித்துவிட்டார். முகம் சிவந்துபோனது. தன் சாமான்களை யாராவது தொட்டால் என்றைக்குமே பிடிக்காது.

"உங்க இடுக்கி ஒண்ணும் தேஞ்சு போயிடாது. கழுவித் துடைச்சு அதே இடத்துல வெச்சுடறேன்" என்றேன். அடிப்பதை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை. மூன்று துண்டு சாப்பிட வைத்தேன்.

அக்டோபர் 12, வியாழன்

துரைக்கு இரண்டு துண்டு. இவருக்குக் கூழ் பதத்தில் பருப்பு சாதம், ஆறு ஸ்பூன். கெட்டிக் காப்பியைத் துப்பிவிட்டார். நானும் ஒரு ஸ்பூன் வாயில் வைத்துப் பார்த்தேன். துப்பியதில் தப்பில்லை.

அக்டோபர் 14, சனி

துரையின் கீழ்த்தாடை கிழிந்திருக்கிறது. ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு, அதன் மேல் பஞ்சு போல ஏதோ வெள்ளை. புழுவைக் காட்டினால் பின்னால் நகர்ந்துகொள்கிறது.

வாங்கிய கடைக்குப் போன் செய்தேன்.

"எதுலீங்க்கா ஊட்டுனீங்க?"

"இடுக்கியில."

"எஃகுங்களா? கூரா இருக்குமே?"

"ஆமா."

"ஏனுங்க்கா, அதுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. முன்னால எது அசைஞ்சாலும் பாஞ்சு கவ்விப்போடும். பசிச்சாத்தான் தொறக்கும்னு இல்லீங்க. கவ்வுனதை விடவும் தெரியாது. அதுபாட்டுக்கு இரும்பைக் கடிக்கும், நீங்க இழுத்தா தாடை போயிரும். முனை மழுக்கமா, மெத்துனு இருக்கோணும். கவ்வுச்சுன்னா நீங்கதான் விடோணும். சாருக்கு இதெல்லாம் நல்லாத் தெரியுமே, சார் சொல்லலீங்களா?"

சார் சொன்னார். கம்பியை அடித்து அடித்துச் சொன்னார்.

ஒரு வாரம் தீனி வேண்டாம், தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள் என்றார் கடைக்காரர். போனை வைத்துவிட்டு இவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "துரைக்காகத்தான் கத்துனீங்களா?" என்று கேட்டேன். "ஆங்" என்றார், மெதுவாக. எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று நாளாக இவர் சொன்னதற்கு நானே ஒரு அர்த்தம் எழுதிக்கொண்டு, அதற்கு நானே மார்க்கும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அக்டோபர் 17, செவ்வாய்

இன்று நல்ல நாள். விளக்கமாக எழுதி வைக்கிறேன்.

காலையிலிருந்து துரைக்கு எது சரிப்படும் என்று ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். ஐஸ்கிரீம் குச்சி: ஊறிப் பிசிறு எழும்புகிறது. முள்கரண்டி: பேச்சே வேண்டாம். கை: சோப்பும் உப்பும் அதன் தோலுக்கு ஆகாதாம், தவிர எனக்கும் ஆகாது. பிளாஸ்டிக் இடுக்கி: புழு நெளிந்தால் வளைந்து விட்டுவிடுகிறது. கடைசியில் அப்பளம் சுடும் மூங்கில் இடுக்கி ஒன்று கிடைத்தது. நீளமும் பிடியும் சரி, ஆனால் முனை மரக்கட்டை.

எல்லாவற்றையும் தட்டில் வைத்து இவரிடம் கொண்டுபோனேன். இம்முறை கேட்டேன். மூங்கிலை எடுத்து முனையைக் கட்டை விரலால் தடவினார். பிறகு வேலை மேஜையைக் காட்டினார். இடது பக்க இழுப்பறை. இரண்டு டப்பா. பல்லுக்கு அச்சு எடுக்கும் மாவு, ஒன்று நீலம், ஒன்று வெள்ளை. இரண்டையும் சம அளவில் பிசைந்தால் சில நிமிஷத்தில் ரப்பர் மாதிரி இறுகிவிடும். மெத்தென்று இருக்கும், தண்ணீரில் கரையாது.

இவர் உடம்பு துடைக்கப் போடும் ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு பிசைந்தேன். இறுகவில்லை. கொழகொழவென்று கிடந்தது. மறுபடி பிசைந்தேன். மறுபடி கொழகொழ. அளவு தப்பில்லை, நான் அளந்தால் தப்பாது. இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். ஒவ்வொரு விரலாகக் கையுறையை இழுத்துக் கழற்றினார், இடது கையாலேயே, பத்து நிமிஷம் ஆயிற்று. கழற்றிக் கீழே போட்டுவிட்டு, "ஆங்" என்றார். பிசையச் சொல்லி ஜாடை காட்டினார். வெறுங்கையில் பிசைந்தேன். இறுகியது! அந்தக் கையுறை ரப்பர்தான் அதை இறுகவிடாமல் கெடுத்திருக்கிறது. தொழில் தெரிந்தவருக்குத்தானே தெரியும்.

மூங்கில் முனையில் இவரே ஒட்டினார். விரலை நக்கி வழவழப்பாக்கினார், பல் செட்டின் ஈறைத் தேய்ப்பது போல. இரண்டு முனையும் ஒரு பட்டாணி அளவு. கோணலாகத்தான் வந்தது. சிரித்தோம். இவர் சிரித்து அறுபது நாள் இருக்கும்.

ரெபேக்கா வந்தபோது காட்டினேன். "அங்கிள், கலக்கிட்டீங்க" என்றாள்.

அக்டோபர் 20, வெள்ளி

எஃகு ஸ்பூனை இவர் கடித்துவிடுகிறார். இன்று உதடு கிழிந்து ரத்தம். ரெபேக்கா ஆழமில்லாத, மெத்தென்ற ஸ்பூன் ஒன்று கொண்டுவந்தாள். ஏன் என்று அவள் விளக்க ஆரம்பித்தாள். வேண்டாம், புரிகிறது என்றேன்.

"இன்னொண்ணு டீச்சர். உதட்டோரத்துல தொட்டா வாய் தானாத் திறக்கும். அதைப் பசின்னு எடுத்துக்காதீங்க. அவரு உங்களைப் பாக்கறாரா, தயாரா இருக்காரான்னு பாத்துட்டுக் கொடுங்க."

இந்தப் பெண் வகுப்பில் இப்படிக் கவனித்திருந்தால் எழுபது வாங்கியிருப்பாள்.

அக்டோபர் 23, திங்கள்

துரை சாப்பிட்டது. புது இடுக்கியில். அது கவ்வியதும் நான் விட்டேன், அவ்வளவுதான் வித்தை. இவர் கட்டிலிலிருந்து இடது கையை உயர்த்திக் காட்டினார்.

அக்டோபர் 27, வெள்ளி

சாப்பாடு முன்னேற்றம். மசித்த இட்லி ஒன்று, பூசணிக் கூழ். கெட்டிக் காப்பி வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். இப்போதெல்லாம் வற்புறுத்துவதில்லை.

சாயங்காலம் நாலரை மணிதான் கஷ்டமாக இருக்கிறது. நான் பள்ளிக்கூடம் விட்டு வருவேன், இவர் கீழே பல் செட் அறையைப் பூட்டிவிட்டு மேலே வருவார், இரண்டு டம்ளர் காப்பி. பிள்ளை பிறந்த அன்றைக்கும் ஆஸ்பத்திரியில் பிளாஸ்க்கில் குடித்தோம். இப்போது ஒரு டம்ளர் போடுகிறேன். ஒரு டம்ளர் காப்பிக்கு டிகாக்‌ஷன் அளவு எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. குடிக்காமல் கீழே ஊற்றிவிடுகிறேன்.

அக்டோபர் 30, திங்கள்

உறைய வைத்த சிவப்புப் புழுவைத் துரைக்குக் கொடுக்க ஆன்லைனில் வாங்கிய சொட்டுக் குழாய், பிப்பெட், வந்துவிட்டது. ரப்பர் குமிழ், அகலமான வாய், மழுங்கிய முனை. ஒரு பாக்கெட்டில் இரண்டு. ஒன்று துரைக்கு. இன்னொன்றை வெந்நீரில் போட்டு எடுத்து சமையலறையில் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 1, புதன்

துரை: புழு இரண்டு. இவர்: ரவைக் கஞ்சி, ஆப்பிள் கூழ்.

சாயங்காலம் ஒரு காரியம் செய்தேன்.

நவம்பர் 2, வியாழன்

ஐந்து சொட்டு. பிப்பெட்டில். வெறும் காப்பி, பவுடர் கலக்காதது. அவர் டம்ளரைப் பார்த்தார். நாக்கில் விட்டேன். ஒரு நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்தேன். இருமவில்லை.

நவம்பர் 4, சனி

பத்து சொட்டு. இருமலே இல்லை. முழுசாக இறங்குகிறது. டம்ளரில் மீதியெல்லாம் நானேதான் குடித்தேன், ஆனாலும் இரண்டு பேர் குடித்த மாதிரி இருந்தது.

நவம்பர் 6, திங்கள்

நேற்றும் இன்றும் கால் டம்ளர். முகத்தில் தெளிவு வந்திருக்கிறது. மருந்தெல்லாம் செய்யாததைக் காப்பி செய்யும் என்று யாராவது ஆராய்ச்சி செய்ய வேண்டும். இதை ஃப்ரிட்ஜ் தாளில் எழுதவில்லை. ஒவ்வொரு சொட்டையும் எழுதச் சொல்லவில்லையே.

நவம்பர் 7, செவ்வாய்

ரெபேக்கா இவரை "ஆ" சொல்லச் சொல்லிக் கேட்டாள். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

"குரல் ஈரமா இருக்கு டீச்சர். கொரகொரங்குது. தண்ணியா ஏதாச்சும் கொடுக்கறீங்களா?"

"இல்லை."

"சும்மா ஒரு வாய் தண்ணி, மாத்திரைக்கு..."

"இல்லைன்னு சொன்னேனே."

தலையைக் குனிந்துகொண்டு எழுதினாள். அந்தக் காலத்தில் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்து நிற்கும்போது அவள் இப்படித்தான் குனிவாள். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் துரையின் தண்ணீரை மாற்றப் போய்விட்டேன்.

குளிர் ஆரம்பித்துவிட்டது, குரல் அப்படித்தான் இருக்கும்.

நவம்பர் 10, வெள்ளி

ரெபேக்கா வரவில்லை, தீபாவளி விடுமுறை. அரை டம்ளர். கொஞ்சம் சோர்வாக இருக்கிறார். இருமல் இல்லை.

நவம்பர் 12, ஞாயிறு, தீபாவளி

ஷர்மிளா நேற்று மதியம் வந்தாள். அவளைக் கடைக்கு அனுப்பிவிட்டு நாலரை மணிக்கு இவருக்குக் காப்பி கொடுத்தேன்.

இன்று மதியம் அப்பாவுக்கு நான்தான் ஊட்டுவேன் என்று நின்றாள். ரெபேக்காவின் தாளை ஒரு வரி விடாமல் படித்தாள். மசித்த தயிர் சாதம், பதம் சரியாக இருந்தது, நானே பார்த்தேன். தலையணையை நிமிர்த்தி, தாடையைத் தாழ்த்தி, மெத்து ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். ஏழாவது ஸ்பூனில் இவருக்கு இருமல் வந்தது. நிற்கவில்லை. முகம் நீலமாகப் போய் மீண்டது. ஷர்மிளா தட்டைக் கீழே போட்டுவிட்டு முதுகைத் தடவினாள். சாயங்காலம் காய்ச்சல் நூற்றி இரண்டு.

நவம்பர் 13, திங்கள்

ஆஸ்பத்திரி. நிமோனியா. இரண்டு நுரையீரலிலும் அடிப்பகுதியில் பரவியிருக்கிறது. படத்தைத் தூக்கிக் காட்டினார் டாக்டர்.

"தண்ணியா ஏதாவது குடுத்தீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஷர்மிளா, "நான்தான் டாக்டர். நேத்து தயிர் சாதம் ஊட்டினேன். அதுலதான் புரையேறுச்சு" என்றாள்.

டாக்டர் எழுதிக்கொண்டார்.

நவம்பர் 15, புதன்

ஆக்சிஜன். கண் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி கொடுத்துத் துரைக்கு இரண்டு உருண்டை போடச் சொன்னேன்.

நவம்பர் 17, வெள்ளி

ரெபேக்கா டியூட்டி முடிந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா தெரியாது.

நவம்பர் 18, சனி

காலை ஆறு இருபதுக்கு இவர் போய்விட்டார்.

நவம்பர் 22, புதன்

துரைக்குப் புழு மூன்று துண்டு. வீடு நிறைய ஆள். எல்லோரும் அந்தத் தொட்டியைப் பார்த்து, இது என்ன, இது என்ன என்று கேட்கிறார்கள். ஒருத்தர் விடாமல் எல்லோருக்கும் பதில் சொன்னேன். அந்த ஒரு கேள்விக்குத்தான் தைரியமாகப் பதில் சொல்ல முடிகிறது.

நவம்பர் 27, திங்கள்

ஷர்மிளா சாப்பிடுவதில்லை. தட்டில் தயிர் சாதம் வைத்தால் எழுந்து போய்விடுகிறாள். இன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கதவைத் தட்டினேன்.

"ஏழாவது ஸ்பூன்மா" என்றாள் உள்ளேயிருந்து. "ஆறோட நிறுத்தியிருக்கலாம். வாயைத் திறந்தாரேன்னு கொடுத்தேன்."

"உன்மேல தப்பில்லை கண்ணு" என்றேன்.

"நீ அம்மா, அப்படித்தான் சொல்லுவ."

அத்துடன் விட்டுவிட்டேன். கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, நான் கணக்கு டீச்சர், பதினோரு நாளையும் ஏழு ஸ்பூனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டே விட்டேன்.

டிசம்பர் 1, வெள்ளி

ஷர்மிளா வேலைக்கு இன்னும் ஒரு மாதம் விடுப்புக் கேட்டிருக்கிறாள். தூக்க மாத்திரை வாங்கிவந்திருக்கிறாள். துரையின் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறாள். ஊட்டச் சொன்னால், "நான் தொடமாட்டேன், என் கை ராசியில்லாத கை" என்கிறாள். இருபத்தொன்பது வயதுப் பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் பதினாலு பேருக்கு மேலே இருக்கிறவள், தன் கையை ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

டிசம்பர் 3, ஞாயிறு

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. உறவுக்காரர்கள் மதியம் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினார்கள். நானும் ஷர்மிளாவும் பாத்திரம் கழுவினோம். அப்போது சொன்னேன். நின்றபடியே, குழாய் ஓடிக்கொண்டிருக்கும்போதே.

"உன் தயிர் சாதம் இல்லை. நான் காப்பி கொடுத்தேன். ஒண்ணாம் தேதியிலிருந்து பதினொண்ணாம் தேதி வரைக்கும், தினமும். பவுடர் போடாம. ரெபேக்கா கேட்டா, இல்லைன்னு பொய் சொன்னேன். இருமல் இல்லைன்னதும் சரியாப் போகுதுன்னு வெச்சுக்கிட்டேன். பாதி நுரையீரல் நீ வர்றதுக்கு முந்தியே போயிருக்கும்."

அவள் குழாயை மூடினாள்.

"பதினஞ்சு நாளா என்னைப் பாத்துட்டுத்தானே இருந்த?"

"ஆமா."

"பாத்துட்டே இருந்த."

"ஆமா."

கையைத் துடைத்துக்கொண்டு அவள் அறைக்குப் போய்விட்டாள். மீதிப் பாத்திரத்தை நான் கழுவினேன்.

டிசம்பர் 4, திங்கள்

பேசவில்லை. ஆனால் மதியம் சாப்பிட்டாள். இரண்டு முறை சாதம் போட்டுக்கொண்டாள்.

டிசம்பர் 5, செவ்வாய்

காலையில் ரெபேக்காவுக்குப் போன் செய்து அவளிடமும் சொன்னேன். "எனக்கு ஏழாம் தேதியே தெரியும் டீச்சர்" என்றாள். "நீங்க இல்லைன்னு சொன்னீங்க. உங்களை எதிர்த்து எனக்குப் பேச வரலை. நான் பேசியிருக்கணும்." அவளும் அழுதாள். எட்டாம் வகுப்பில் அந்தக் குழந்தையை எத்தனை முறை வாயை மூடு என்று உட்கார வைத்திருக்கிறேன் என்று கணக்குப் பார்க்கப் பயமாக இருந்தது.

சாயங்காலம் ஷர்மிளா வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அப்பா கேட்டாரா?"

எதை என்பது போல அவளைப் பார்த்தேன்.

"காப்பி வேணும்னு அப்பா கேட்டாரா? ஜாடையாவாவது? கேட்டிருந்தா... ஆசைப்பட்டதைக் குடிச்சுட்டுப் போனாருன்னு நெனச்சுக்குவேன்மா. அதை வெச்சுட்டு நான் இருந்துடுவேன்."

கேட்டார் என்று சொல்லிவிடலாம். இந்த நோட்டிலேயே நவம்பர் இரண்டாம் தேதி, அவர் டம்ளரைப் பார்த்தார் என்று எழுதியிருக்கிறேன். அதை எடுத்துக் காட்டியிருந்தால் போதும், அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். ஆனால் ஒரு பொய்யில் அவளைப் பதினைந்து நாள் வேகவிட்டுவிட்டேன், இன்னொன்றை அவள் ஆயுசு முழுக்க வைத்துக்கொள்ளக் கொடுக்க முடியவில்லை.

"இல்லை" என்றேன். "கேக்கலை. முதல் நாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கிட்டார். வாயை இறுக்கி மூடிக்கிட்டார். ரெபேக்கா சொன்னதெல்லாம் அவருக்குத் தெரியும், அவர் பக்கத்துலதானே சொன்னா. நான் பிப்பெட் முனையை அவர் உதட்டோரத்துல வெச்சு லேசா ஆட்டினேன். துரைக்கு ஆட்டற மாதிரி. திறந்துச்சு. விட்டேன். மூணு நாள் அப்படித்தான் விட்டேன். நாலாவது நாள் நான் கிட்டப் போறதுக்கு முன்னாலேயே அவரா வாயைத் திறந்துட்டார். அது காப்பிக்கா, எனக்காகவான்னு எனக்குத் தெரியாது ஷர்மி. எனக்குத் தனியாக் குடிக்க முடியலை. அதுக்காகத்தான் கொடுத்தேன். வேற காரணமே கிடையாது."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. வெகுநேரம் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 6, புதன்

காலை எட்டு மணிக்கு ஷர்மிளா கிளம்பினாள். காரின் பின்சீட்டில் மூடி போட்ட வாளி, பாதி தண்ணீர், சுற்றிலும் ஈரத்துணி. அதில் துரை. கோவை வெயில் அதற்கு ஆகாதே என்றேன். தண்ணீரைக் குளிர வைக்கும் மெஷின் நேற்றே ஆர்டர் போட்டுவிட்டாளாம்.

இடுக்கியை எப்படிப் பிடிக்க வேண்டும், எவ்வளவு தூரத்தில் காட்ட வேண்டும், எப்போது விட வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவள் என் தோளில் கையை வைத்து நிறுத்தினாள்.

"இனிமே இதுக்கு நானே ஊட்டிக்கறேன்மா."

கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். மெதுவாக, குழந்தையிடமிருந்து கத்தரிக்கோலை வாங்குகிற மாதிரி சொன்னாள். சரி என்றேன். வாளி ஆடாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு தலையணையை வைத்துவிட்டுக் கார்க் கதவைச் சாத்தினேன்.